குனிந்து எடுப்பவருக்கு ஒரு பங்கு



ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த விடியற்காலை மறக்காது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் நிரைக்குப் போக வேண்டும். உளியை மரத்தில் வைப்பதற்கு முன் வேறொரு வேலை இருக்கும். முந்தின வெட்டுக் கோட்டில் நாடாபோல் உறைந்து கிடக்கும் கோட்டுப்பாலை இழுத்து எடுக்க வேண்டும். மங்கின் அடியில் தங்கிய கட்டிப்பாலைப் பெயர்த்துப் போட வேண்டும். வேரடியில் சிந்தி மண்ணோடு உறைந்ததைக்கூடக் குனிந்து பொறுக்க வேண்டும். அந்தச் சாக்கின் நாற்றம் துணியில் ஏறினால் மூன்று முறை துவைத்தாலும் போகாது.

ஆனாலும் அதை யாரும் விட்டுவிட்டு வந்ததில்லை. ஸ்டோரில் அது தனியாக நிறுக்கப்பட்டது. ஆலைக்குப் போய், கழுவி அரைக்கப்பட்டு, பழுப்புக் கிரேப் ரப்பராகக் கப்பல் ஏறியது. மண்ணில் விழுந்த பாலும் காசாயிற்று.

இது எப்படி நடந்தது? துரை மேடை போட்டுச் சொற்பொழிவு செய்தாரா? சுற்றுச்சூழலைக் காப்போம் என்று லயத்துச் சுவரில் எழுதி வைத்தார்களா? ஒன்றும் இல்லை. கட்டிப்பாலுக்கு நிறைப்படி இவ்வளவு காசு என்று தனிக் கூலி இருந்தது. தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிமார் சங்கமும் செய்துகொண்ட சம்பள ஒப்பந்தங்களிலேயே அதற்கு இடம் இருந்தது. அந்தக் காசு சிறியதுதான். போதுமானதா, நியாயமானதா என்பது வேறு வழக்கு. ஆனால் குனிந்து எடுத்தவருக்கு அதில் ஒரு பங்கு இருந்தது. அதனால்தான் ஒரு துண்டும் மண்ணில் கிடக்கவில்லை.

இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது இந்தப் பங்கைப் பற்றித்தான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. நம்மவர்களில் எத்தனையோ பேர் பட்டர்வொர்த்துக்கும் பிறைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் வந்து சேர்ந்தார்கள். சிலர் ஒட்டுக்கடை போட்டார்கள். சிலர் சாப்பாட்டுக் கடை, பூக்கடை, மளிகைக் கடை என்று காலூன்றினார்கள். இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளும் இத்தகைய கடைகளில்தான் வேலைக்கு நிற்கிறார்கள். எனவே கடைக்காரருக்குச் சொல்வது நம் எல்லாருக்கும் சொல்வதுதான்.

ஒரு பொருளை வாங்கி, பயன்படுத்தி, வீசிவிடுவது ஒரு முறை. பயன்படுத்தியதை மறுபடியும் ஒரு பயனுக்குத் திருப்பிவிடுவது இன்னொரு முறை. இரண்டாவது முறைக்கு இன்று படித்தவர்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் புதிது; காரியம் நமக்குப் பழையது. சோடா போத்தலுக்கு முன்பணம் கட்டி, காலிப் போத்தலைக் கொடுத்துக் காசைத் திரும்ப வாங்கியவர்கள் நாம். மாவுச் சாக்கை வெளுத்துச் சட்டை தைத்தவர்கள் நம் பாட்டிமார்கள். பால் டின்னில் கயிறு கட்டிக் காப்பி வாங்கிப் போனவர்கள் நாம்.

<b>நகரத்துக் குப்பை எங்கே போகிறது?</b>

லெபோ பசாரில், பினாங்கு வீதியில், சூலியா வீதியில் இரவு பத்து மணிக்குக் கடையடைக்கும் நேரத்தில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு வாசலிலும் கறுப்புப் பைகள் நிற்கும். காலையில் பார்த்தால் இருக்காது. போனது எங்கே?

தீவின் குப்பை கடலைக் கடந்து, செபராங் பிறையின் தென்பகுதியில் நிபோங் திபாலுக்கு அருகிலுள்ள புலாவ் பூரோங் குப்பை மேட்டுக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துப் பல நாள்கள் புகைந்தது. சுற்றுவட்டார மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறிடம் போக வேண்டியதாயிற்று. அவர்களில் பைராம் தோட்டப் பகுதி மக்களும் இருந்தார்கள். ஆம், தோட்டத்து மக்கள்! நகரத்தில் நாம் உண்டு மிச்சம் வைத்த சோறும் இலையும் யாருடைய மூச்சுக்காற்றில் போய்ச் சேர்ந்தன என்று சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

நம் நாட்டு வீட்டுக் குப்பையில் ஏறக்குறையப் பாதி உணவுக் கழிவு. காற்றுப் படாமல் மலைபோல் குவித்து மூடினால் அது அழுகி மீத்தேன் என்னும் வாயுவைக் கக்கும். அது எரியக்கூடிய வாயு. பூமியைச் சூடாக்குவதில் கரிவாயுவைவிட, 100 ஆண்டுக் கணக்கில், சுமார் 28 மடங்கு வலிமை கொண்டது. அதே சோற்றையும் இலையையும் காற்றுப் பட மக்க வைத்தால் எருவாகும்.

பினாங்கு அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2009-இல் வாரத்தில் ஒரு நாள் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது என்று தொடங்கி, 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் என்றாக்கியது. பை வேண்டுவோர் 20 காசு கொடுக்க வேண்டும் என்றது. 2016 ஜூன் முதல் குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே பிரிக்கச் சொல்லி, ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2017 ஜூனில் அமலாக்கத்தைத் தொடங்கியது. சட்டம் வாசல்வரைதான் வரும். அடுப்படிக்குள் நுழைந்து, எந்தக் கை எதை எந்தத் தொட்டியில் போடுகிறது என்று அதனால் பார்க்க முடியாது. அங்கேதான் கடை முதலாளியின் தலைமைத்துவம் தேவைப்படுகிறது.

<b>தலைமை என்றால் என்ன?</b>

பினாங்கு மண்ணிலேயே நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. தமிழகத்தில் பிறந்து, சிறு வயதில் பினாங்குக்கு வந்து, வணிகத்தில் வளர்ந்தவர் ஹாஜி எஸ்.எம். முகமது இத்ரீஸ். 1969-இல் தொடங்கப்பட்ட பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் தலைமை தாங்கி, 2019 மே மாதம் 92-ஆம் வயதில் மறைந்தார். வணிகராக இருந்துகொண்டே, வணிகர்கள் விரும்பாத கேள்விகளைக் கேட்டவர் அவர். இந்தப் பொருள் தேவைதானா? இதில் என்ன கலந்திருக்கிறது? தூக்கி எறிந்தால் எங்கே போகும்? இந்தக் கேள்விகளை அவருடைய சங்கம் தோட்டங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனது. மக்க வைத்து எருவாக்கவும், வீட்டுக் கொல்லையில் காய்கறி போடவும் சொல்லிக் கொடுத்தது.

அந்தச் சங்கத்தில் பணியாற்றும் நம்மவர்கள் தைப்பூசம் வரும்போதெல்லாம் தேங்காய்களைக் குறைத்து உடையுங்கள் என்று வேண்டுகோள் விடுப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தேர் தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில் உடைபட்ட காய்களை மறுநாள் மண்வெட்டியால் அள்ளி லோரியில் ஏற்றும் காட்சியையும் பார்த்திருப்பீர்கள். அந்த வேண்டுகோளில் சிலருக்கு மனக்குறை உண்டு. ஆனால் ஊரார் குற்றத்தைச் சொல்வது எளிது. நம் வீட்டு வழக்கத்தை நாமே கேள்வி கேட்பது கடினம். தலைமை என்பது அந்தக் கடினமான வேலைதான்.

ஒரு சிறு கடையில் முதலாளி எப்போதும் எல்லார் கண்ணிலும் படுகிறவர். பெரிய நிறுவனத்தின் தலைவர் சுற்றறிக்கை அனுப்பலாம். சிறு கடை முதலாளியால் அது முடியாது. அவர் என்ன செய்கிறாரோ அதுதான் சுற்றறிக்கை. அவர் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் கடை முழுவதும் ஊற்றும். அவர் வெங்காயத் தோலைப் பச்சைத் தொட்டியில் போட்டால் கடை முழுவதும் அங்கே போடும்.

<b>ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை</b>

எடுத்துக்காட்டாக ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் அங்கே மிஞ்சுவது என்ன? பொரித்த எண்ணெய், சாப்பிட்ட இலை, காய்கறித் தோல், தேங்காய்ச் சிரட்டை, அட்டைப் பெட்டி, டின், தேயிலைச் சக்கை. ஒன்றாகக் கொட்டினால் குப்பை. தனித்தனியே நிறுத்தினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை காத்திருக்கிறது.

முதலில் எண்ணெய். ஆறவைத்து, வடிகட்டி, அது வந்த டின்னிலேயே திரும்ப ஊற்றி வையுங்கள். பழைய எண்ணெய் வாங்குகிறவர்கள் வாசலுக்கே வருகிறார்கள். இன்று அதிலிருந்து வண்டிகளுக்கும் விமானங்களுக்கும்கூட எரிபொருள் செய்கிறார்கள். ஆகவே அதற்கு நல்ல விலை உண்டு. ஆனால் வாங்குகிறவர் யார், எங்கே கொண்டுபோகிறார் என்று விசாரித்து விற்பது உங்கள் கடமை. சுத்தம் செய்து மறுபடி சமையலுக்கு விற்கிறவர் கையில் அது போய்ச் சேரக்கூடாது. சாக்கடையில் ஊற்றினால் என்ன ஆகும்? கொழுப்பு உறைந்து குழாயை அடைக்கும். மழை நாளில் அந்தத் தண்ணீர் உங்கள் கடைக்குள்ளேயே திரும்பி வரும். அதுவும் ஒரு சுழற்சிதான், நமக்கு வேண்டாத சுழற்சி!

அடுத்து இலையும் தோலும். நகரத்துக் கடைக்கு மண் கிடையாது. ஆகவே மண் உள்ளவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இலைக்கட்டும் காய்கறியும் கொண்டுவருகிற வண்டி திரும்பும்போது இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கொல்லையில் காய்கறி போடும் தோட்டத்துக் குடும்பம் எது, பள்ளித் தோட்டம் எது என்று விசாரியுங்கள். முறை எளியது. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட ஒரு பீப்பாய் போதும். ஈரக் கழிவு ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலை, தேங்காய் நார், கிழித்த அட்டை ஆகியவற்றை இரண்டு பங்கு போட்டு மூட வேண்டும். வாரம் ஒன்றிரண்டு முறை கிளறிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த, மண் மணமுள்ள எரு கிடைக்கும். இறைச்சி, மீன் முள், எண்ணெய் சேரக்கூடாது; சேர்ந்தால் நாற்றமும் எலியும் வரும்.

சிரட்டை கரியாகும். அட்டையும் டின்னும் பழைய பேப்பர் வாங்குகிறவரின் வண்டியில் ஏறும். அட்டை நனையாமல் இருந்தால்தான் விலை. குழம்பு சிந்திய அட்டைக்கு ஒரு காசும் கிடைக்காது. தேயிலைச் சக்கை எருப் பீப்பாய்க்கே போகட்டும்.

பொட்டலம் கட்டுவதையும் பாருங்கள். வீட்டிலிருந்து அடுக்குச் சட்டி கொண்டுவருகிறவருக்கு ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றுங்கள். அல்லது விலையில் சில காசு குறையுங்கள். டப்பாவுக்கும் பைக்கும் நீங்கள் செலவிடும் பணத்தைவிட அது பெரிதாக இருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

<b>மூன்று தொட்டி, ஒரு லோரி</b>

இதையெல்லாம் செய்து தோற்ற கடையும் உண்டு. ஒரு கடையில் என் கண்ணால் பார்த்தேன். பெயர் வேண்டாம். மூன்று நிறத்தில் மூன்று தொட்டிகள் வாங்கி வைத்தார்கள். சுவரில் அழகான படம் ஒட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். இரவு கடையடைத்ததும், பாத்திரம் கழுவுகிற தம்பி மூன்றையும் ஒரே கறுப்புப் பையில் கொட்டிக் கட்டினான்.

"ஏன் தம்பி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறாய்?" என்று கேட்டேன்.

"பிரித்தால் எனக்கு அரை மணி நேரம் கூடுதல் வேலை, ஐயா. எண்ணெய் விற்ற காசு முதலாளி பைக்குப் போகிறது. எனக்கு என்ன கிடைக்கிறது?" என்றான் அவன்.

சொந்த ஊரை விட்டு வந்து, பதினான்கு மணி நேரம் நிற்கிற பிள்ளை. அவன் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கணத்தில்தான் கட்டிப்பால் சாக்கு என் நினைவுக்கு வந்தது. தோட்டத்து நிர்வாகம் அறிந்திருந்த ஒரு சின்ன உண்மையை அந்த முதலாளி அறிந்திருக்கவில்லை. குனிகிற முதுகு ஒருவருடையது, கிடைக்கிற காசு இன்னொருவருடையது என்றால் எந்தத் திட்டமும் ஒரு மாதம் தாங்காது.

ஆகவே கடைக்காரச் சகோதரர்களே, அக்காமார்களே, ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இந்த வாரம் எத்தனை டின் எண்ணெய், எத்தனை கிலோ அட்டை, எவ்வளவு பணம் என்று எல்லார் கண்ணுக்கும் படும்படி எழுதி வையுங்கள். சம்பள நாளில் அதில் பாதியைப் பிரித்தவர்களுக்கே பங்கிடுங்கள். கூடுதல் நேரம் ஆனால் அதற்குக் கூலி தனி. பங்கைக் காட்டிக் கூலியை மறைக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் நீங்களே தொட்டியருகே நில்லுங்கள். தவறாகப் போட்டவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். குனிந்து நீங்களே எடுத்துச் சரியான தொட்டியில் போடுங்கள். முதலாளி குனிவதைப் பார்த்த தொழிலாளி மறுபடி தவறாகப் போடக் கூச்சப்படுவார்.

<b>நீலகிரியில் நடந்தது</b>

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டம் தேயிலைத் தோட்டங்களின் பூமி. இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்கள் பலர் அங்கே தோட்டத் தொழிலாளர்களாக வாழ்கிறார்கள். அங்கே காட்டில் வீசப்பட்ட மதுப் போத்தல்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் ஒவ்வொரு போத்தலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். விற்ற போத்தல்களில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. குடித்தவர் வீசிய போத்தலையும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு அதில் 10 ரூபாய் இருந்தது. நம் சோடா போத்தல் முன்பணம்தான் அது.

பெரிய தொழிலும் தானாகத் திருந்திவிடுவதில்லை. செம்பனை ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று காய் உதிர்த்த வெறுங்குலை மரத்தடிக்கு எருவாகத் திரும்புகிறது. நாரும் ஓடும் கொதிகலனில் எரிகின்றன. ஆனால் 1970-களில் ஆலைக் கழிவுநீர் ஆறுகளைக் கெடுத்துக் கொண்டிருந்தது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. கழிவுநீரின் அழுக்கைக் காட்டும் அளவு 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்றிருந்தது; படிப்படியாக இறக்கி 1984-இல் 100 ஆக்கினார்கள். ஒரே நாளில் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒரு படி இறக்கினார்கள். கடை நடத்துகிறவர்களுக்கும் அதில் பாடம் உண்டு. முதல் மாதம் எண்ணெய் மட்டும், இரண்டாம் மாதம் அட்டை, மூன்றாம் மாதம் இலை என்று போனால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நம் வாசலைவிட்டுப் போய்விட்டது என்பதாலேயே ஒரு பொருள் சுழற்சியில் சேர்ந்துவிட்டதாக ஆகாது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியதும், பணக்கார நாடுகளின் கழிவு நம் துறைமுகங்களுக்கு வந்து குவிந்தது. மறுபயனீட்டுக்கு என்று பெயர் சொல்லித்தான் அனுப்பினார்கள். 2020 ஜனவரியில் நம் அரசு அறிவித்தபடி 150 கொள்கலன்கள், 3,737 டன் கழிவு, 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றில் பல பினாங்குத் துறைமுகத்திலிருந்து போனவை. அவர்கள் செய்தது தள்ளிவிடுவது. நகரம் தோட்டத்துப் பக்கம் குப்பையைத் தள்ளினால் அதுவும் அதே காரியந்தான். அடுத்து வாங்குகிற கை எது, அந்தக் கை அதை என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அது சுழற்சி.

<b>வீட்டிலிருந்து தொடங்கலாம்</b>

கடை இல்லாத வாசகர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் மகனிடமோ மகளிடமோ, அங்கே பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று இன்று இரவு சாப்பிடும்போது கேளுங்கள். வீட்டுக் கொல்லையில் இடம் இருந்தால் பக்கத்து டவுன் கடைக்காரரிடம் போய், உங்கள் காய்கறித் தோலை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அந்த எருவில் விளைந்த வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் அவருக்கே விற்கலாம். வீட்டில் பழைய பேப்பரைக் கட்டி வைக்கிற பிள்ளைக்கு விற்ற காசில் ஒரு பங்கு கொடுங்கள். மிட்டாய்க்கோ உண்டியலுக்கோ, அது அந்தப் பிள்ளையின் விருப்பம்.

நம் தாய்மார்கள் அன்று கட்டிப்பால் சாக்கை இடுப்பில் சுமந்து வந்தார்கள். அந்தக் காசில் சில வீடுகளில் பள்ளிப் புத்தகம் வாங்கினார்கள். கழிவு என்று ஒருவர் விட்டதை எடுத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த பரம்பரை நாம். இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள், பின்கட்டில் குனிந்து நிற்பவரை ஒரு முறை திரும்பிப் பார்க்கட்டும். அந்த இடத்தில் ஒரு காலத்தில் நின்றவர் அவர்களுடைய தாயாகவோ பாட்டியாகவோதான் இருப்பார்.

உங்கள் கடையில் எது எங்கே போகிறது, யாருக்கு என்ன பங்கு என்று நமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.